அட்டையில ஒரு பேரு, அடியில ஒரு பேரு

எங்க ஊரு பரமத்தி வேலூர். வெத்தலைக்கும் வாழைத்தாருக்கும் பேரு போன வேலூர். கோட்டையும் ஜெயிலும் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கற வேலூர் வேற, எங்க வேலூர் வேற. இதை எத்தனை வாட்டி சொன்னாலும் மெட்ராஸ் நண்பர்களுக்கு மண்டையில ஏற மாட்டேங்குது. சரி, அதை விடுங்க.

போன மாசம் பெரியம்மா வீட்டுல வெள்ளையடிக்கறதுக்காக அட்டாலியைக் காலி பண்ணினோம். ஓட்டை அண்டா, உடைஞ்ச ரேடியோ, பழைய கல்யாணப் பத்திரிகைக் கட்டு, அதுக்கடியில ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள்ள 16 பக்கத்துல ஒரு சின்னப் புத்தகம். மாரியம்மன் கும்மிப் பாட்டு. 1983ல நோம்பிக்காக 300 பிரதி அச்சடிச்சது. அட்டையில அம்மன் படம், கீழ 'இயற்றியவர்'னு போட்டு எங்க பெரியப்பா பேரு.

இதுல என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? பெரியப்பாவுக்குப் பாட்டு கட்டத் தெரியாது. கொடிக்கால் கணக்கு எழுதுவாரு, தார் ஏலத்துல எவ்வளவுக்குப் போச்சுன்னு குறிச்சு வெப்பாரு, அதோட சரி. அந்தக் கும்மி மொத்தமும் பெரியம்மா கட்டினது. அடுப்படியில வேலை செஞ்சுக்கிட்டே முணுமுணுத்து, அப்புறம் பிள்ளைங்களோட பழைய நோட்டுல எழுதி வெச்சது. பெரியப்பா அந்த நோட்டை எடுத்துக்கிட்டு ஒரு அச்சாபீஸுக்குப் போயிருக்காரு. அங்க இருந்தவரு, "அம்மணி பேருல போட்டா நல்லாருக்காதுங்க, உங்க பேருல போட்டுக்கலாமுங்க"ன்னு சொல்லியிருக்காரு. பெரியப்பாவும் சரின்னுட்டாரு. புத்தகம் வீட்டுக்கு வந்தப்பதான் பெரியம்மாவுக்கே தெரியும்.

"யாரு பேரு இருந்தா என்ன கண்ணு, பாட்டு ஆத்தாளுக்குத்தானே"ன்னு இப்பவும் சொல்றாங்க. ஆனா அந்தத் தகரப் பெட்டியில இருந்த பிரதியில, பெரியப்பா பேருக்குக் கீழ நீல மையில தன் பேரை எழுதி வெச்சிருக்காங்க. 40 வருஷமா யாருக்கும் காட்டலை.

அந்தப் புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல அடியில, சின்ன எழுத்துல, அச்சாபீஸ் பேரும் ஊரும் சுத்தமா இருக்கு. எழுதினவங்க பேரு தப்பு. அச்சடிச்சவர் பேரு சரி. (அந்தப் பேரு இங்க வேண்டாம். ஆளும் போயாச்சு, அச்சாபீஸும் போயாச்சு.)

அன்னையில இருந்து எனக்கு ஒரு கிறுக்கு புடிச்சிருக்கு. எந்தப் பழைய புத்தகத்தை எடுத்தாலும் மொதல்ல அந்த அடி வரியைத்தான் பாக்கறேன். பெண்கள் எழுத்துன்னு பேசறப்ப நாம எழுதினவங்களைப் பத்தி மட்டுமே பேசறோம். அச்சடிச்சவங்க, வித்தவங்க பேரைப் பத்திப் பேசறதே இல்லை. என்னோட கட்சி என்னன்னா, பொம்பளைங்க எழுத்து நின்னதுக்கும் காரணம் அந்த அடி வரிதான், காணாமப் போனதுக்கும் காரணம் அந்த அடி வரிதான்.

அந்த வரியை அச்சுக்காரங்க ஆசைக்காகப் போட்டுக்கலை. வெள்ளைக்காரன் 1867ல ஒரு சட்டம் போட்டான். அச்சாகற ஒவ்வொரு புத்தகத்துலயும் பத்திரிகையிலயும் அச்சிட்டவர் பேரும், அச்சான ஊரும், வெளியிட்டவர் பேரும் இருந்தாகணும்னு. ஏதாவது வில்லங்கம்னா போலீஸ் யாரைத் தேடிப் போறது? அதுக்குத்தான். எழுதினவங்க புனைபேருல ஒளிஞ்சுக்கலாம். அச்சுக்காரன் ஒளிய முடியாது. 1910ல வந்த பத்திரிகைச் சட்டம் இன்னும் மோசம். அச்சகம் நடத்தறவங்க கிட்ட ஜாமீன் பணம் கட்டச் சொல்லலாம், அரசுக்குப் புடிக்காததை அச்சடிச்சா அந்தப் பணத்தைப் பறிமுதல் பண்ணலாம். அதனால ஒருத்தர் தன் பேரை அந்த அடி வரியில போட்டாருன்னா, வம்பு வந்தா எங்கிட்ட வாங்கன்னு சொன்னதுக்குச் சமம்.

இப்ப ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பாக்கணும். பெண்களைப் பத்தி அச்சடிக்கறது ஒண்ணு. பெண்கள் எழுதினதை அச்சடிக்கறது இன்னொண்ணு.

முதல் வகைக்கு நம்ம ஊர்ல எப்பவும் கிராக்கிதான். எங்க அம்மிச்சி கிட்ட நாலஞ்சு பெரிய எழுத்துப் புத்தகம் இருந்தது. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, நல்லதங்காள் கதை. சந்தையிலயும் திருவிழாக் கடையிலயும் சாக்கு விரிச்சு வித்ததை வாங்கினது. மெட்ராஸ்ல பி.இரத்தின நாயகர் அண்டு சன்ஸ்னு ஒரு கம்பெனி இந்த மாதிரிப் புத்தகங்களைப் போட்டுத் தமிழ்நாடு பூரா அனுப்பிச்சாங்க. எழுத்து பெருசு, அதனால எழுத்துக் கூட்டிப் படிக்கறவங்களுக்கும் வயசானவங்க கண்ணுக்கும் தோது. எங்க அம்மிச்சி பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினது ரெண்டு வருஷமோ என்னவோ. அவங்க படிப்பை மறக்காம வெச்சிருந்ததுக்கு இந்தப் புத்தகங்கதான் காரணம். அந்த வகையில இரத்தின நாயகருக்கு எங்க குடும்பமே கடன்பட்டிருக்கு. நக்கலுக்குச் சொல்லலை, நெஜமாவே சொல்றேன்.

ஆனா கவனிச்சுப் பாருங்க. கதை பூரா பொம்பளைங்க. மதுரையை ஆண்ட அல்லி, ஏழு பிள்ளைங்களோட கிணத்துல விழுந்த நல்லதங்காள். கேக்கறவங்களும் பொம்பளைங்க. ராத்திரி சாப்பாடு முடிஞ்சு திண்ணையில அம்மிச்சி ராகம் போட்டுப் படிக்கறப்ப சுத்தி உக்காந்து மூக்கைச் சிந்தறதும் அவங்கதான். எழுதினவர் பேரு மட்டும் ஆம்பளை. மாலைன்னு முடியற கதைகள் பாதிக்கு மேல புகழேந்திப் புலவர் தலையில கட்டியாச்சு. நளவெண்பா பாடின புகழேந்திக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு படிச்சவங்க சொல்லிட்டாங்க. அப்ப யாரு பாடினது? இந்தக் கதைகள்ல ஒப்பாரி வருது, தாலாட்டு வருது. ஒப்பாரியும் தாலாட்டும் ஆம்பளை பாடி நான் கேட்டதில்லை. நீங்க கேட்டிருக்கீங்களா?

ரெண்டாவது வகைக்கு வருவோம். பெண் எழுதினதை, அவ பேரைப் போட்டு, அவ எழுதின மாதிரியே அச்சடிக்கறது. இதுல என்ன நடக்கும்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச பெரிய உதாரணம் மெட்ராஸ்லயே இருக்கு.

18ஆம் நூற்றாண்டுல தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாபசிம்மன் சபையில முத்துப்பழனின்னு ஒரு கவிஞர். தேவதாசி குலம். அன்னைக்குத் தஞ்சாவூர் அரண்மனையில தெலுங்குதான் இலக்கிய மொழி, அதனால 'ராதிகா சாந்த்வனமு'ன்னு ஒரு காவியத்தைத் தெலுங்குல எழுதினாங்க. கோவிச்சுக்கிட்ட ராதையைக் கண்ணன் சமாதானம் பண்றதுதான் கதை. ராதையோட ஆசையைப் பத்தி ஒளிவுமறைவு இல்லாம எழுதியிருக்காங்க. நூலோட முன்னுரையில தன் பாட்டி, அம்மா, அத்தைன்னு பெண்கள் வழியாவே தன் வம்சத்தைச் சொல்லியிருக்காங்க.

இது 1887ல முதல்ல அச்சானப்ப, பதிப்பிச்சவர் அந்த வம்ச முன்னுரையைத் தூக்கிட்டாரு. சில பாட்டையும் தூக்கிட்டாரு. புரியுதுங்களா? ஆபாசம்னு பாட்டை வெட்டினதாவது ஒரு சாக்கு. பாட்டி பேரும் அம்மா பேரும் என்ன ஆபாசம்?

பெங்களூர் நாகரத்தினம்மாவுக்கு இந்தப் பதிப்பு கையில கிடைச்சிருக்கு. திருவையாத்துல தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டினாங்களே, அவங்கதான். அவங்களும் அதே குலம். குறைப்பதிப்புன்னு தெரிஞ்சதும் சுவடியைத் தேடிப் புடிச்சு, ஒப்பிட்டு, முழுசா ஒரு பதிப்பு தயார் பண்ணினாங்க. 1910ல அதை வெளியிட்டது மெட்ராஸ்ல இருந்த வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்த்ருலு அண்டு சன்ஸ். சாதாரணக் கம்பெனி இல்லை. 1854ல ஆரம்பிச்ச, சமஸ்கிருதத்துக்கும் தெலுங்குக்கும் பேரு போன பதிப்பகம். சாஸ்திரப் புத்தகம் போடறவங்க.

மறு வருஷமே கச்சேரி ஆரம்பிச்சாச்சு. பத்திரிகையில கண்டனம். தெலுங்குச் சீர்திருத்தவாதி, விதவை மறுமணத்துக்காகப் பாடுபட்ட கந்துகூரி வீரேசலிங்கமே இந்தப் புத்தகத்தைக் கடுமையாத் திட்டியிருந்தாரு. ஒரு பெண் வாயில இருந்து வரக்கூடிய பேச்சா இதுங்கற மாதிரி. நாகரத்தினம்மா சும்மா இருக்கலை. வெக்கம்கறது பொம்பளைக்கு மட்டும்தானா, ஆம்பளைக் கவிஞர்கள் இதைவிட மோசமா எழுதினதை எல்லாம் ஒத்துக்கிட்டவங்க இதுக்கு மட்டும் ஏன் குதிக்கறீங்கன்னு திருப்பிக் கேட்டாங்க. போலீஸ் கமிஷனர் பிரதிகளைப் பறிமுதல் பண்ணினாரு. தடை விழுந்தது. தடை நீங்கினது எப்பன்னு நினைக்கறீங்க? 1947ல. பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமரா இருந்தப்ப. புத்தகம் மறுபடி அச்சானது 1952ல.

ஒரு புத்தகத்துக்கு 30 வருஷத்துக்கு மேல சிறைவாசம். வாவிள்ள கம்பெனி ஏவாரம் பண்ணத்தான் புத்தகம் போட்டாங்க, தியாகம் பண்ண இல்லைன்னு யாராவது சொல்லலாம். சொல்லுங்க, தப்பில்லை. ஏவாரிதான். ஆனா ஏவாரிக்குத்தான் நட்டத்தோட அருமை தெரியும். நட்டம் வரும்னு தெரிஞ்சவன் பேரைப் போட்டான் பாருங்க, அதைத்தான் சொல்றேன். எங்க அச்சாபீஸ்காரருக்குப் பெரியம்மா பேரைப் போட்டா போலீஸா வந்திருக்கப் போவுது? ஒண்ணும் வந்திருக்காது. 1910ல ஒருத்தர் துணிஞ்சதை 1983ல இன்னொருத்தர் துணியலை. இத்தனைக்கும் ஆபத்து இருந்தது மொதல் ஆளுக்குத்தான்.

அப்ப யாராவது ஒரு ஆம்பளை அச்சுக்காரர் மனசு வெக்கற வரைக்கும் காத்துக்கிட்டே இருக்கணுமா? இருக்க வேண்டாம்னு காட்டினவங்க வை.மு.கோதைநாயகி அம்மாள். அஞ்சரை வயசுல கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் நாடகத்தை அவங்க சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினாங்க. 1925ல ஜகன்மோகினிங்கற பத்திரிகையை வாங்கி நடத்த ஆரம்பிச்சாங்க. 115 நாவல் எழுதினாங்க. சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்கும் போனாங்க. இலக்கியத் தரம் அது இதுன்னு பின்னாடி வந்தவங்க அவங்களை ஓரங்கட்டினது தனிக்கதை. நான் சொல்ல வர்றது வேற. அதுக்கு 20 வருஷம் முன்னாடி, 1905ல, சக்கரவர்த்தினின்னு பெண்களுக்காக ஒரு பத்திரிகை வந்தது. ஆசிரியர் யாரு தெரியுமா? பாரதியார். நல்ல பத்திரிகைதான், நல்ல மனசுதான். ஆனாலும் பொம்பளைங்க பத்திரிகைக்கு ஆம்பளை ஆசிரியர். கோதைநாயகி வந்தப்புறம் எதைப் போடறது, எதை விடறதுன்னு முடிவு பண்ற நாற்காலியிலயே ஒரு பெண் உக்காந்தாச்சு. பின்னாடி சொந்த அச்சகமும் வந்தது. அட்டையிலயும் அடியிலயும் அவங்க ராஜ்யம். "அம்மணி பேருல போட்டா நல்லாருக்காதுங்க"ன்னு அவங்க கிட்ட யாரு சொல்ல முடியும்?

சீமையிலயும் இதே கதைதான். லண்டன்ல 1860ல எமிலி ஃபெய்த்ஃபுல்னு ஒரு அம்மா விக்டோரியா பிரஸ்னு அச்சகம் ஆரம்பிச்சு, பெண்களை அச்சுக் கோக்கற வேலைக்கு வெச்சாங்க. ஈய எழுத்துப் பெட்டி முன்னாடி நாள் பூரா நின்னு கோக்கறது பொம்பளைங்களுக்கு ஆகாதுன்னு ஆம்பளைத் தொழிலாளிங்க ஒரே எதிர்ப்பு. (நாள் பூரா நின்னு நாத்து நடலாம், களை எடுக்கலாம், கரும்பாலையில சர்க்கரை கிண்டலாம். அச்சுக் கோக்க மட்டும் ஆகாது!) ரெண்டே வருஷத்துல விக்டோரியா ராணி அவங்களைத் தன் அச்சாளராவும் பதிப்பாளராவும் நியமிச்சாங்க.

லண்டன், மெட்ராஸ் எல்லாம் எதுக்கு? எங்க ஊருக்கு வர்ற காவேரித் தண்ணி ஈரோட்டைத் தாண்டித்தான் வருது. அந்த ஈரோட்டுல 1925 மே 2ஆம் தேதி குடிஅரசு ஆரம்பிச்சது. பெரியாருக்கும் உங்களுக்கும் ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனா கல்யாணம், சொத்து, கர்ப்பத்தடை, விதவை மறுமணம்னு பொம்பளைங்க விஷயத்தை வாராவாரம் அச்சுல ஏத்தினது அந்தப் பத்திரிகை. நீலாவதி, குஞ்சிதம், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார்னு பெண்கள் அவங்கவங்க பேருலயே எழுதினாங்க. ராமாமிர்தம் அம்மையார் 1936ல 'தாசிகள் மோசவலை'ன்னு நாவலே போட்டாங்க. இப்ப கல்லூரி போற பிள்ளைங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபா வருதே, 2022ல தொடங்கின அந்தத் திட்டம் அவங்க பேருலதான் இருக்கு.

அந்தப் பேரு எல்லாருக்கும் தெரியும். கண்ணம்மாளைத் தெரியுமா? பெரியாரோட தங்கச்சி. 1921ல நாகம்மாளோட சேர்ந்து கள்ளுக்கடை மறியல் பண்ணினவங்க. 1933ல குடிஅரசோட வெளியீட்டாளர் அவங்கதான். அந்த வருஷம் அக்டோபர் 29ஆம் தேதி அன்னைய ஆட்சியைக் கண்டிச்சு ஒரு தலையங்கம் வந்தது. ராஜநிந்தனைன்னு கேஸ் போட்டாங்க. எழுதின அண்ணனுக்கும் ஜெயில், வெளியிட்ட தங்கச்சிக்கும் ஜெயில்.

இங்க ஒரு கேள்வி வரும். எங்க வீட்டுலயே வந்தது. "அவங்க அண்ணன் பத்திரிகை, பேருக்குத்தானே தங்கச்சி பேரைப் போட்டாரு? உங்க பெரியப்பா பேரு மாதிரி அதுவும் சும்மா பேருதானே?" நல்ல கேள்வி. ரெண்டு நாள் யோசிச்சேன். ரெண்டும் ஒண்ணில்லைன்னுதான் எனக்குப் படுது. பெரியப்பா பேரு பெருமைக்குப் போட்டது, அதுக்கு அவரு ஒண்ணும் கொடுக்கலை. கண்ணம்மா பேரு பொறுப்புக்குப் போட்டது, அதுக்கு அவங்க ஜெயிலுக்குப் போனாங்க. பேருக்குத்தான் வெளியீட்டாளர்னே வெச்சுக்குங்க. ஜெயில் பேருக்கு இல்லையே.

1867 சட்டத்தை 2023ல எடுத்துட்டுப் புதுச்சட்டம் கொண்டு வந்துட்டாங்க. அது பத்திரிகைகளுக்கு மட்டும்தான், புத்தகத்துக்கு இல்லை. இன்னைக்கு யாரு வேணாலும் 50 பிரதி அடிக்கலாம், அஞ்சு பிரதி கூட அடிக்கலாம். தைரியமும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். அதனாலதான் எனக்குக் கோவம் கொஞ்சம் ஜாஸ்தியா வருது. இவ்வளவு சுலபம் ஆனப்புறமும் எத்தனை வீட்டு அட்டாலியில எத்தனை நோட்டு கிடக்குது? ஒப்பாரி, கும்மி, நலுங்குப் பாட்டு, கைவைத்தியம், கடுதாசி. வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்ப எடைக்குப் போடறோம். வாவிள்ள காலத்துல போலீஸ் வந்து பறிமுதல் பண்ணினாங்க. நம்ம காலத்துல நாமளே பழைய பேப்பர்காரருக்குக் கூப்பிட்டுக் கொடுக்கறோம்.

பெரியம்மா நோட்டு கிடைக்கலை. அதுவும் எடைக்குத்தான் போயிருக்கும். ஆனா அந்த 16 பக்கம் இருக்கு. இந்த வருஷ நோம்பிக்கு அதை மறுபடி அச்சடிக்கலாம்னு இருக்கேன். பெரியம்மா கிட்ட சொன்னப்ப, "உனக்கு வேற சோலி இல்லையா கண்ணு"ன்னாங்க. விடாம கேட்டதுக்கு ஒரு நிபந்தனை போட்டாங்க. பெரியப்பா பேரையும் உள்ள எங்கியாவது போடணுமாம். "அவரு எடுத்துக்கிட்டுப் போகலைன்னா அது அச்சே ஆயிருக்காது. என் பேரு போச்சுன்னாலும் பாட்டு நின்னுதில்ல?"

நான் இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சு எழுதினதுல பாதியை அவங்க ஒரே வரியில சொல்லிட்டாங்க. அதனால அட்டையில பெரியம்மா பேரு, அடி வரியில முதல் பதிப்பு வெளியிட்டவர்னு பெரியப்பா பேரு, ரெண்டாம் பதிப்புக்கு என் பேரு. அச்சகம் பேரும் வரும். பெரியம்மா பேரை நான் இங்க சொல்லலை. மொதல்ல அவங்க அட்டையில பாக்கட்டும்.

நேத்து புரூஃப் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கிட்டு வெளிச்சத்துல வெச்சுப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம், "எழுத்து கொஞ்சம் பெருசா போடச் சொல்லு, கண்ணு தெரியலை"ன்னாங்க. போடச் சொல்லியாச்சு. பெரிய எழுத்துதான்.

உங்க வீட்டு அட்டாலியில என்ன இருக்கு? பாத்துட்டுப் பின்னூட்டத்துல சொல்லுங்க. வெள்ளையடிக்கறதுக்கு முன்னாடி பாருங்க, அவ்வளவுதான்.